வயசு ரூம்

பிறந்த தேதிப்படி பார்த்தால் க்ரீம்காரிக்கு அப்போது முப்பத்தாறு வயது. தன் அம்மாவைவிட அவள் ஒரு வயது மூத்தவளாக இருந்தாள். எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாடகை ஏறியதைச் சொல்வதுபோலத்தான் இதையும் சொல்வோம். அம்மாவுக்கு ஐம்பத்துநாலு, மகளுக்கு ஐம்பத்தைந்து. இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போனால் யாராவது ஒரு நல்ல மனுஷன் அம்மாவைப் பார்த்து, "பெரியவங்க நிக்கிறாங்க, கொஞ்சம் எடம் குடும்மா" என்பான். அம்மாவும் மறுபேச்சில்லாமல் எழுந்துவிடுவாள். மகளுக்கு நிஜமாகவே முழங்கால் வலி இருந்தது, அதில் நடிப்பு ஒன்றும் கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளின் நரைத்த தலையை மேலிருந்து பார்த்தபடியே வருவாள் அம்மா. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியாது, ஏனென்றால் இந்த வம்பெல்லாம் அவளுடைய கன்னத்தில்தான் ஆரம்பித்தது.

ஊர்க்கோடியில் இருந்த கம்பெனி ஒரு முகக் க்ரீம் தயாரித்துக்கொண்டிருந்தது. இலைச்சாறு, விதை எண்ணெய், பூவிலிருந்து எடுத்த வாசனை. ரசாயனம் கிடையாது என்று பெட்டியில் பச்சை எழுத்தில் போட்டிருக்கும். இரண்டு வருஷம் கெடாது என்று அதற்குக் கீழே பொடி எழுத்தில். அம்மா அந்த க்ரீமை வாங்கி, சிக்கனமாக, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். பதினோராவது மாசம் லேசாகக் காறல் வாடை அடித்தது. இலையில் செய்ததுதானே, என்ன பண்ணிவிடப் போகிறது என்று அன்றைக்கும் போட்டுக்கொண்டாள். மறுநாள் இரண்டு கன்னமும் வீங்கிச் சிவந்து, கண் பாதிதான் திறந்தது. வீக்கம் வடிந்தது, இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மட்டும் தங்கிவிட்டது. அப்படி முகம் வெந்தவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர். கம்பெனி முதலாளி சும்மா இருக்கவில்லை. கண்ணாடிப் பாட்டிலை மாற்றி, உள்ளே இருப்பது தெரியாத வெள்ளை டப்பா போட்டார். வாசனையை இரண்டு பங்காக்கினார். அதோடு பிரச்சினை தீர்ந்ததாக நினைத்து நிம்மதியாகத் தூங்கினார், புண்ணியவான்.

மகள் வேதியியல் படித்துவிட்டு ஒரு பாத்திர சோப்பு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு அந்த க்ரீம் கம்பெனியிலேயே போய்ச் சேர்ந்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என் மூஞ்சியை வேகவைத்தவனிடமே போய்ச் சம்பளம் வாங்குவாயா என்று கேட்டாள். "அங்கதானே கெட்டுப்போச்சு, அங்கதான் சரி பண்ணணும்" என்றாள் மகள். அவள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முதலாளி அவளை அரை மனசோடுதான் எடுத்தார். ஆனால் பழைய க்ரீம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது, அவருக்கு வேறு வழியில்லை.

க்ரீம் இரண்டு வருஷம் தாங்குமா என்று பார்க்க இரண்டு வருஷம் காத்திருக்க யாராலும் முடியாது. அதனால் இந்தத் தொழிலில் ஒரு சூடான அறை வைத்திருப்பார்கள்; அதில் மூன்று மாசம் தாங்கினால் வெளியே இரண்டு வருஷம் தாங்கும் என்பது ஒரு குத்துமதிப்பு. முதலாளி அப்படி ஒன்று கட்ட நினைத்து, செலவைக் குறைக்க, க்ரீம்காரியின் புருஷனையே கூப்பிட்டார். அவன் ஏசி மெக்கானிக். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், அதுதான் அவனிடமுள்ள ஒரே குறை. எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரம் என்றெல்லாம் முதலாளி சொல்லவில்லை. "உள்ள மூணு மாசம் இருந்தா ரெண்டு வருஷம் ஆகணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏசிக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஏதேதோ விசிறியும் சுருளும் வாங்கி வந்து, சொன்னபடியே கட்டிவிட்டான். அறையில் சூடே இல்லை. சாதாரண அறைபோல இருந்தது. முதலாளி ஏமாந்துவிட்டதாகக் கத்தினார். மறுநாள் மத்தியானம் ஏசிக்காரன் ஒரு தளர்ந்த திருகை முடுக்க உள்ளே போனான், கதவு சாத்திக்கொண்டுவிட்டது. சாயங்காலம் திறந்துவிட்டபோது இரண்டு நாள் தாடியும், கண்ணை இருட்டுகிற பசியுமாக வெளியே வந்தான். அன்றிலிருந்து அதற்கு வயசு ரூம் என்று பெயர். மற்ற கம்பெனிகளில் குத்துமதிப்பு, எங்கள் ஊரில் நிஜம்.

க்ரீம்காரி தன் முதல் க்ரீமை அதில் வைத்தாள். மூன்று மாசம் கழித்து டப்பாக்கள் அப்படியே பளிச்சென்று வந்தன. முதலாளி அச்சகத்துக்கு ஆள் அனுப்பக் கிளம்பிவிட்டார். அவள்தான் குறுக்கே நின்றாள். மூடியைத் திறக்காமல் யார் க்ரீம் போடுவார்கள்? அம்மா தினமும் இரண்டு வேளை திறந்தாள், விரலை விட்டாள், கண்ணாடி பார்க்கிற நேரமெல்லாம் திறந்தே வைத்தாள். ஈர விரலும் காற்றும் வேர்வையும் சேர்ந்துதான் க்ரீமைக் கொன்றது. அப்படி ஒருத்தி இரண்டு வருஷம் உபயோகித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அவ்வப்போது வெளியிலிருந்து ஆள் போய்த் திறந்து மூடலாமென்றால், கதவைத் திறந்ததும் அறை தெருவின் வேகத்துக்கு இறங்கிவிடும், மறுபடி வேகம் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். உள்ளேயே ஒரு ஆள் குடியிருக்க வேண்டும். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்துச் சந்தில் கஷ்டப்படுகிற பொம்பளை யாராவது இருப்பாள், கூலி கொடுத்து உட்காரவைத்துவிடலாம் என்றார். க்ரீம்காரி எழுந்து நின்றாள். "என் க்ரீமு, என் வயசு. அடுத்தவ வயசை எடுத்து அதுல கலக்க மாட்டேன்" என்றாள்.

அம்மா காலில் விழாத குறை. எனக்கு ஒரு கன்னம் போனால் போகிறது, உனக்கு ஆயுசே போகுமே என்று அழுதாள். இன்னும் ஒரு பிள்ளை பெறவில்லையேடி என்று நேரடியாகவே கேட்டாள். க்ரீம்காரிக்கும் அந்த ஆசை இருந்தது, இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு க்ரீமில் சரியாகிவிடும், இரண்டு வயது கூடினால் கூடட்டும், வந்து பெற்றுக்கொள்கிறேன் என்றாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. ஏசிக்காரன் நானும் உள்ளே வருகிறேன் என்றதற்கு, "ரெண்டு பேரும் உள்ள போயிட்டா சாப்பாடு யாரு கொண்டாருவா?" என்று கேட்டாள். அவன் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துக் கழுவினான்.

அறைச் சுவரில் இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு பெட்டி இருந்தது. வெளியே மூன்று மணி நேரம் போனால் உள்ளே ஒரு நாள். ஆகவே ஏசிக்காரன் ராத்திரி பகல் பாராமல் மூன்று மணிக்கொரு தரம் தூக்குச்சட்டியோடு வந்து நின்றான். அவளுக்கு அவன் நாளைக்கு ஒரு தடவை வந்தான். அவனோ நாளைக்கு எட்டுத் தடவை வந்தான். தூக்கம் போனது, பாதி வாடிக்கையாளர்கள் போனார்கள், மீதியை முறைவைத்துச் சமாளித்தான். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் அவள் எறும்புபோலச் சுறுசுறுப்பாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பாள். அவளுக்கோ அவன் தண்ணீருக்குள் நிற்பவன் மாதிரி தெரிந்தான். அவன் சிரிக்க ஆரம்பித்து முடிப்பதற்குள் அவள் ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். ஆனாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, அந்தச் சிரிப்பு முழுசாக வந்து சேரும்வரை நின்று பார்ப்பாள். பேச முடியாது, அவன் குரல் உள்ளே ஏதோ மேஜை நகர்த்துகிற சத்தம்போலத்தான் கேட்டது.

முதல் க்ரீம் அவள் விரல் பட்டு ஏழாவது மாசமே கொதித்த டீ நிறத்துக்குப் போனது. இரண்டாவது திரிந்த பால் மாதிரி தண்ணீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரிந்தது. மூன்றாவதில் மூடியோரம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. தோற்ற க்ரீமையெல்லாம் அவள் அதே கதவுக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் போட்டுப் பார்த்தாள், எரிந்தது, கழுவினாள், மறுபடி ஆரம்பித்தாள். வெட்டிவைத்த ஆப்பிள் காற்றுப் பட்டால் கறுக்கிறதே, எண்ணெய்க்கும் அதே கதிதான். அதைத் தடுக்கத்தான் பச்சைத் தேயிலையும் மாதுளைத் தோலும் வைட்டமினும் சேர்ப்பது. அவை காற்றின் அடியை முன்னால் நின்று வாங்கிக்கொள்ளும். அவை தீர்ந்த பிறகுதான் எண்ணெய் கெடும். சூடான பாத்திரத்தில் கொட்டினால் உள்ளே போகும்போதே பாதி செத்துவிடும் என்று நாலாவது தடவை கண்டுபிடித்தாள். பாத்திரம் எந்த அளவு ஆறினால் சேர்க்கலாம் என்று ஐந்தாவது தடவை. எண்ணெயில் நிற்கிற வைட்டமின் ஈ அடிபட்டு விழுந்தால், தண்ணீரில் நிற்கிற சி அதைக் கைகொடுத்து எழுப்பிவிடும் என்பது புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் எவ்வளவுக்கு எவ்வளவு என்று புத்தகம் சொல்லவில்லை. வாய் அகன்ற டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அழுத்தினால் மட்டும் வருகிற, காற்று உள்ளே புகாத பாட்டிலுக்கு மாறினாள். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் தெரு அவளைக் கொஞ்சம் நேரம் கழித்தே அடையாளம் கண்டுகொண்டது.

இவ்வளவுக்குப் பிறகும் க்ரீம் ஒன்றரை வருஷத்தைத் தாண்டவில்லை. அந்த ஒன்றரை வருஷச் சுவரில் மூன்று தடவை முட்டினாள். மூன்றாவது தடவைதான், உள்ளே பாத்திரம் கழுவுகிறபோது, வெள்ளைத் துணியில் குழாய்த் தண்ணீர் சொட்டின இடம் லேசாகப் பழுப்பாவதைப் பார்த்தாள். கம்பெனிக்கு வருகிற குழாய் பழைய இரும்பு. கண்ணுக்குத் தெரியாத துரு போதும், தேயிலைச் சத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வெளியே வந்து குழாயை மாற்றச் சொன்னாள். அந்தத் தண்ணீரைத்தானே எல்லோரும் குடிக்கிறோம், யார் செத்தார்கள் என்று முதலாளி கேட்டார். பழுப்பு தெரியாமல் இருக்க ஒரு சிட்டிகை சாயம் போட்டால் போச்சு என்று யோசனையும் சொன்னார். அவள் நேரே போய்க் கலக்கும் இயந்திரத்தின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நரைத்த தலையும் தளர்ந்த கழுத்துமாக அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இயந்திரத்தை ஓட்டுகிற பெண்களும் ஒவ்வொருத்தியாக நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். முதலாளி வாரக் கடைசிவரை தாக்குப்பிடித்தார். லீவு நாளில் ஏசிக்காரன் வந்து இரும்புக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எஃகுக் குழாய் பதித்தான்.

அடுத்த க்ரீம் இரண்டு வருஷம் நின்றது. கடைசி அழுத்தலில் வந்த துளியும் முதல் நாள் வந்த துளியும் ஒரே வெள்ளை, ஒரே மணம். வெளியே மொத்தம் நாலு வருஷம் போயிருந்தது. அவளுக்கு இருபத்துச் சொச்சம் வருஷம். பிள்ளை பெறுகிற காலம் உள்ளேயே எப்போதோ முடிந்திருந்தது. அதற்காக அவள் உள்ளே தனியாக அழுதாள் என்று பிற்பாடு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், ஏசிக்காரனிடம் சொல்லவில்லை. கண்ணாடி வழியே அவன் பார்த்திருப்பான் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

முதலாளிக்கு க்ரீம் பிடித்திருந்தது. அதைச் செய்தவள் முகம்தான் பிடிக்கவில்லை. சுருக்கம் விழுந்த பொம்பளை செய்த முகக் க்ரீமை எவள் வாங்குவாள் என்று வெளிப்படையாகவே கேட்டார். நாளைக்கு இவ்வளவு என்று பேசி ஒரு இளம் பெண்ணை அழைத்துவந்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, கையில் கண்ணாடிக் குடுவையைக் கொடுத்து, இவள்தான் கண்டுபிடித்தாள் என்று படம் எடுக்க ஏற்பாடு செய்தார். பத்து வயசு குறையும் என்று பெட்டியில் போடுவதாகவும் முடிவு. க்ரீம்காரியைப் பின்பக்க அறையில் இருக்கச் சொன்னார்கள். அவள் நேரே முன்பக்கம் வந்து விளக்கு வெளிச்சத்தில் நின்றாள். வெள்ளைக் கோட்டுப் பெண் நல்ல பிள்ளை, பாவம், பயந்துபோய், "ஆன்ட்டி, இதைப் போட்டா உங்களை மாதிரி ஆகாம இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டது. "இதைப் போட்டா முகம் எரியாது" என்றாள் க்ரீம்காரி. "வயசு ஆகும். ஆகட்டுமே."

பிறகு முதலாளியைப் பார்த்து இரண்டே விஷயம் சொன்னாள். திறந்து உபயோகித்தாலும் இரண்டு வருஷம் கெடாது என்று மட்டும் பெட்டியில் போட வேண்டும், வேறு ஒரு வார்த்தை கூடாது. படம் போடுவதானால் தன் படம். இல்லையென்றால் பாத்திரம் எந்தச் சூட்டில் இருக்கும்போது தேயிலைச் சத்தைச் சேர்க்க வேண்டும் என்று முதலாளியே நாலு வருஷம் உள்ளே உட்கார்ந்து கண்டுபிடித்துக்கொள்ளலாம், சாப்பாடு வேண்டுமானால் அனுப்புகிறோம். முதலாளி வயசு ரூமின் கதவைத் திரும்பிப் பார்த்தார். தலைக்கு மை அடித்துக்கொள்கிற மனுஷன் அவர். அன்று சாயங்காலமே க்ரீம்காரியின் முகம் அச்சுக்குப் போயிற்று, ஒரு சுருக்கத்தைக்கூடத் தேய்த்து அழிக்காமல்.

கடைக்காரர்கள் சிரித்தார்கள். வாங்கி வைத்ததே முதலாளியின் முகத்துக்காகத்தான். படம் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கினார்கள். காலையில் கடை திறந்தால் எல்லாப் பெட்டியும் முன்பக்கம் திரும்பி நின்றன. எலி என்றார்கள், பொறி வைத்தார்கள். மறுபடி திருப்பினார்கள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவள் முகம் வரிசையாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய கடை ஒன்றில் பெட்டிகளைப் பின்பக்கம் திருப்பிச் சுற்றிலும் டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் ஒட்டியபடியே இருந்தது, படம் மட்டும் இந்தப் பக்கம் வந்திருந்தது. சுமார் இரண்டு மாசத்தில் கடைக்காரர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். படத்தில் இருக்கிற அம்மா எதையும் மறைக்கவில்லை போலிருக்கிறது என்று முதலில் வாங்கியவர்கள் பழைய க்ரீமில் முகம் வெந்த பெண்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வாங்கினார்கள். பத்து வயசு யாருக்கும் குறையவில்லை. யாருக்கும் எரியவுமில்லை.

அதற்குப் பிறகு ஊர் வாய் ஏசிக்காரன் பக்கம் திரும்பியது. அவனுக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தாறு. இருவரும் நடந்து போனால் பிள்ளையா என்று கேட்கிற ஆட்கள் தெருவுக்கு நாலு பேர். மாப்பிள்ளை இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பார் என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடமே வந்து விசாரித்தார்கள். க்ரீம்காரி ஒரு நாள் அதை உடைத்தே பேசிவிட்டாள். வேறு ஒருத்தியைப் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், நான் கோபப்பட மாட்டேன், நீங்கள் செய்ததே எந்தப் புருஷனும் செய்யாதது என்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவைத்தான். "ராத்திரி பகலா சாப்பாடு சுமந்தவன்கிட்ட பேசற பேச்சா இது?" என்றான். கையைக் கழுவிக்கொண்டு கம்பெனிக்கு நடந்தான். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு பின்னால் ஓடுவதற்குள் வயசு ரூமுக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அவள் கண்ணாடியைத் தட்டினாள், திட்டினாள், அழுதாள். உள்ளே அவன் எறும்புபோல விறுவிறுவென்று பாய் விரித்து, சட்டையை மாட்டி, நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். யாரைக் கேட்டு உள்ளே போனீர்கள் என்று அவள் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால், நீ யாரைக் கேட்டாய் என்றிருப்பான்.

முதலாளி அறையை மூடிவிடலாமா என்று ஆரம்பித்தார், அவள் பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்கவில்லை. உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, புதிதாகக் கலக்கிய குதிகால் வெடிப்புக் களிம்பு ஒன்றைச் சாப்பாட்டோடு பெட்டியில் வைத்து அனுப்பினாள். தினமும் இரண்டு வேளை தேய்த்துக்கொண்டு, வாடை மாறினால் கண்ணாடி வழியே கைகாட்டுகிறான். இப்போது தூக்குச்சட்டியோடு மூன்று மணிக்கொரு தரம் தெருவில் போவது க்ரீம்காரி. முழங்கால் மோசமான நாட்களில் அம்மா போகிறாள், அவளுக்கு இன்னும் கால் நன்றாக இருக்கிறது. காய் வாங்கிக்கொண்டே யாராவது, "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார்கள், காய் விலை கேட்கிற அதே குரலில். "நாப்பத்தொம்பது. அடுத்த மாசம் அம்பது" என்பாள் அவள். சொல்லிவிட்டு, சாப்பாடு ஆறிவிடும் என்று நடையைக் கட்டுவாள்.